லைம் நோய்க்கு மருந்து முடித்த பிறகும் உடம்பு சரியாகவில்லையா?

ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிந்துவிட்டது. தோலில் இருந்த சிவப்பு வட்டமும் போய்விட்டது. "இனிமேல் கவலை இல்லை" என்று டாக்டரும் சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் காலையில் குளித்துத் தலை துவட்டுவதற்குள் உடம்பு மறுபடி படுக்கையைத் தேடுகிறது. நேற்று முழங்காலில் இருந்த வலி இன்று தோளில் இருக்கிறது. நன்றாகத் தெரிந்த ஒருவரின் பெயர் தொண்டை வரை வந்து நின்றுவிடுகிறது. உண்ணி கடித்து வரும் லைம் நோய்க்குச் சிகிச்சை முடித்தும் மாதக்கணக்காக இப்படித் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்த நிலையில் இருந்தவள்தான். இப்போது பெருமளவு தேறிவிட்டேன், முழுதாக அல்ல. கணக்கு எழுதுவது என் தொழில். அதனால் எதையும் குறித்துவைத்துத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் முன்பே இருந்தது. இந்த நோயில் எனக்குக் கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கிருமி இன்னும் உள்ளே இருக்கிறதா?" என்ற கேள்வியையே பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். ஆம், இல்லை என்று அடித்துச் சொல்லும் பரிசோதனை இன்றைக்குக் கிடையாது. அதற்குப் பதிலாக உங்கள் தொந்தரவுகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். தூக்கம் இல்லையா, வலியா, மறதியா, எழுந்து நின்றால் கிறுகிறுப்பா? ஒவ்வொன்றுக்கும் உண்டான வைத்தியம் இருக்கிறது. அதைத் தொடங்கக் காரணம் தெரியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இது என்ன, ஏன் வருகிறது

லைம் நோயைப் பரப்புவது காட்டுப் புதர்களிலும் உயரமான புல்லிலும் இருக்கும் ஒருவகை உண்ணி. பெரும்பாலும் கடிப்பது அதன் இளம் பருவம். கசகசா அளவுதான் இருக்கும் என்பதால் கடித்ததே பலருக்குத் தெரியாது. கிருமியின் பெயர் பொரேலியா பர்க்டோர்ஃபெரி. 1970-களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பல குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் மூட்டு வீக்கம் வந்தது. அதை ஆராய்ந்தபோதுதான் இது தனி நோய் என்று புரிந்தது. வில்லி பர்க்டோர்ஃபர் என்ற விஞ்ஞானி 1980-களின் தொடக்கத்தில் உண்ணிக்குள் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். ஐரோப்பாவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில கிருமிகளும் இந்த நோயைத் தருகின்றன.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் 10 முதல் 14 நாள் மாத்திரையில் பெரும்பாலானவர்கள் குணமாகிவிடுகிறார்கள். ஆனால் ஒரு பகுதியினருக்குச் சோர்வு, உடல்வலி, யோசனை மந்தமாவது ஆகிய மூன்றும் நீடிக்கின்றன. மருந்து முடிந்து 6 மாதத்துக்கு மேலும் இவை நீடித்து அன்றாட வேலையைக் கெடுத்தால், அதைப் போஸ்ட் ட்ரீட்மென்ட் லைம் டிசீஸ் சிண்ட்ரோம், அதாவது சிகிச்சைக்குப் பிறகும் நீடிக்கும் லைம் தொந்தரவு என்கிறார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு இது வருவதாக அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. சொல்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், சரியான நேரத்தில் சரியான மருந்து பெற்றவர்களிலேயே சுமார் 14 சதவீதம் பேருக்கு இந்தத் தொந்தரவு இருந்தது. லைம் நோயே வராதவர்களில் இப்படிப்பட்ட தொந்தரவு இருந்தவர்கள் சுமார் 4 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். உங்களுக்கு இருப்பது கற்பனை அல்ல என்று முதல் எண் சொல்கிறது. எல்லாச் சோர்வையும் லைம் கணக்கில் எழுதிவிட முடியாது என்று இரண்டாவது எண் சொல்கிறது.

காரணம் குறித்துச் சில விளக்கங்கள் ஆராயப்பட்டு வருகின்றன. கிருமி செத்த பிறகும் அதன் செல்சுவரின் துணுக்குகள் உடம்பில் தங்கி நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிக்கொண்டே இருக்கலாம் என்பது ஒன்று. லைம் மூட்டுவீக்கம் வந்தவர்களின் மூட்டு நீரில் அந்தத் துணுக்குகளை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி தன் சொந்தத் திசுக்களையே தாக்கத் தொடங்கியிருக்கலாம் என்பது இன்னொன்று. நரம்புகள் வலியைப் பெரிதாக்கி உணரப் பழகிவிட்டன என்ற விளக்கமும், சிலருக்குக் கிருமி கொஞ்சம் மிச்சமிருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு. எல்லோருக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2025-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் வெளியிட்ட அறிக்கைகூட, காரணம் முழுதாகத் தெரியட்டும் என்று காத்திருக்காமல் நோயாளியின் அறிகுறிகளைக் குறைக்கும் சிகிச்சைகளைத் தேட வேண்டும் என்றே வலியுறுத்துகிறது. அதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்தப் பெயரை ஏற்பதற்கு முன்னால்

சில அறிகுறிகள் இந்தக் கணக்கில் சேராது. அவற்றை வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது.

முதலாவது மூட்டு வீக்கம். வலி வேறு, வீக்கம் வேறு. லைம் கிருமியால் வரும் மூட்டுவீக்கம் பெரும்பாலும் முழங்காலைத்தான் பிடிக்கும். வீக்கம் பெரிதாக இருக்கும், வலி அந்த அளவுக்கு இருக்காது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். கால் இரண்டையும் நீட்டிப் படுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் சில்லின் உட்பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். இரண்டு காலிலும் அந்தப் பள்ளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் பள்ளம் நிரம்பி மேடாகி, அழுத்தினால் மெத்தென்று இருந்தால் உள்ளே நீர் கோத்திருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். இதற்குப் பொதுவாக 28 நாள் ஆன்டிபயாடிக் தருவார்கள். அதற்கும் வீக்கம் வற்றாவிட்டால் மூட்டு வைத்தியம் பார்க்கும் ருமட்டாலஜிஸ்ட் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்துகளுக்கு மாற்றுவார். அந்தப் பாதை தனி.

முகத்தின் ஒரு பக்கம் தொங்கிப்போவது, கழுத்து விறைப்போடு கடும் தலைவலி, கை கால் பலவீனம் இவையும் உடனே காட்ட வேண்டியவை. மயக்கம் போட்டு விழுவது, நெஞ்சு படபடப்போடு மூச்சிரைப்பது என்றால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். லைம் கிருமி இதயத்துக்குள் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கக்கூடியது. காய்ச்சல் இருந்தால் அதே உண்ணி பபேசியா, அனப்ளாஸ்மா போன்ற வேறு கிருமிகளையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். பபேசியாவுக்கு லைம் மாத்திரை போதாது, அதற்கான மருந்தே வேறு.

அப்புறம் லைமுக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்கள். தைராய்டு குறைவு, இரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு தடைப்படுவது, முடக்குவாதம், மாதவிடாய் நிற்கும் பருவத்து மாற்றங்கள், மனச்சோர்வு என்று பட்டியல் நீளும். இவை எல்லாமே "சோர்வு, வலி, மறதி" என்று ஒரே முகத்தோடுதான் வரும். எனக்கு இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து மிகவும் குறைவாக இருந்தது. அதைச் சரிசெய்ததும் மாடி ஏறும்போது வந்த மூச்சிரைப்பு போயிற்று. லைம் வந்து போன உடம்பு என்பதால் மற்றதெல்லாம் வராமல் இருக்கப் போவதில்லையே. எளிதில் சரியாகக்கூடிய எதையும் விட்டுவிடாதீர்கள்.

மறுபடி மறுபடி டெஸ்ட் எடுப்பது பற்றி

லைமுக்கு வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்த்து நம் உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியைத் தேடுகிறது. குணமான பிறகும் அந்த ஆன்டிபாடி 10, 20 ஆண்டுகள்கூட இரத்தத்தில் இருக்கலாம். ஆகவே மருந்து முடிந்து ஒரு வருடம் கழித்து எடுத்த டெஸ்ட் "பாசிட்டிவ்" என்று வந்தால், முன்பு நோய் வந்திருந்தது என்று மட்டும்தான் அர்த்தம். இன்னும் நோய் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து அழுதவர்களை எனக்குத் தெரியும். அழ வேண்டியதில்லை.

சிறுநீரில் லைம் கண்டுபிடிப்போம், இரத்தத்தில் சிடி57 என்ற ஒருவகை எதிர்ப்புச் செல்லை எண்ணிச் சொல்வோம் என்று சில பரிசோதனைகள் விற்கப்படுகின்றன. அவற்றின் நம்பகத்தன்மை நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பணத்தை ஒரு நல்ல தூக்கப் பரிசோதனைக்கோ பிசியோதெரபிக்கோ செலவிடுங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

இன்னும் ஆறு மாதம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் என்ன?

இதை எல்லோரும் கேட்கிறோம். நானும் கேட்டேன். கேட்பதில் தப்பே இல்லை, ஏனென்றால் இதற்கு ஆராய்ச்சி பதில் வைத்திருக்கிறது. 2001-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், நீடித்த தொந்தரவு உள்ளவர்களுக்கு 30 நாள் இரத்தக்குழாய் வழியே செஃப்ட்ரையாக்சோனும் அதன்பின் 60 நாள் டாக்சிசைக்ளினும் கொடுத்தார்கள். வெறும் போலிமருந்து பெற்றவர்களைவிட அவர்கள் தேறவில்லை. 2003-இல் வந்த ஆய்வில் சோர்வு ஓரளவு குறைந்தது, ஆனால் யோசனை வேகம் மாறவில்லை, பக்கவிளைவுகளும் வந்தன. 2008-இல் 10 வார ஊசி மருந்து கொடுத்துப் பார்த்ததில் ஆரம்பத்தில் நினைவாற்றலில் தெரிந்த முன்னேற்றம் பிறகு நிலைக்கவில்லை. 2016-இல் நெதர்லாந்து ஆய்வில் 2 வார ஊசிக்குப் பிறகு 12 வாரம் மாத்திரை. அதிலும் வித்தியாசம் இல்லை.

பலன் இல்லாவிட்டால் போகிறது, கெடுதல் இல்லையே என்று நினைக்க முடியாது. மாதக்கணக்கில் இரத்தக்குழாயில் டியூப் வைத்திருந்தால் அதன் வழியே வேறு கிருமி இரத்தத்தில் புகலாம். குடலில் சி.டிஃப் என்ற கடுமையான வயிற்றுப்போக்குக் கிருமி பெருகலாம். இப்படி நேர்ந்த உயிரிழப்புகளை சி.டி.சி. 2017-இல் பதிவு செய்திருக்கிறது. ஓசோன், உடம்பைச் சூடாக்குவது, வெள்ளிக் கரைசல், "நச்சு நீக்கம்" எல்லாம் இதே வரிசையில் வருபவை. உடம்பு முடியாத நேரத்தில் யார் நம்பிக்கை தந்தாலும் பிடித்துக்கொள்ளத் தோன்றும், அது எனக்கும் தெரியும். ஆனாலும் "இது எத்தனை பேருக்கு, எதோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது?" என்று கேளுங்கள். நேரடியாகப் பதில் சொல்லாதவரிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருக்கட்டும். முதல் சிகிச்சையே சரியாக நடக்கவில்லை, நாள் குறைவாகச் சாப்பிட்டீர்கள், அல்லது நான் மேலே சொன்ன வீக்கம், முகவாதம் போன்றவை புதிதாக வந்திருக்கின்றன என்றால், மறுபடி ஆன்டிபயாடிக் தேவையா என்பது முற்றிலும் நியாயமான கேள்வி. தயங்காமல் கேளுங்கள்.

நோட்டு

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். முதல் வேலை ஒரு நோட்டு. பெரிதாக எழுத வேண்டாம், படுப்பதற்கு முன் நாலு வரி போதும். அந்த நாட்களில் என் நோட்டு இப்படித்தான் இருக்கும்:

செவ்வாய். தூக்கம்: நடுவில் 3 மணிக்கு விழிப்பு. சோர்வு காலை 4, மாலை 5. வலது முழங்கால் வலி, வீக்கம் இல்லை. மாதக் கணக்கு முடிப்பு, மதியம் இடைவேளை இல்லை.

புதன். தூக்கம் சுமார். சோர்வு 5. வலி அதே. சாதாரண வேலை.

வியாழன். தூங்கி எழுந்தும் சோர்வு 9. தொண்டை கரகரப்பு, கை கால் கனம். வெளிச்சம் கூசுகிறது. விசேஷமாக எந்த வேலையும் செய்யவில்லை.

சோர்வுக்கு 0 முதல் 10 வரை எண் போட்டேன். 10 என்றால் படுக்கையை விட்டு எழ முடியாத நிலை. வியாழக்கிழமையை மட்டும் பார்த்தால் "ஒன்றுமே செய்யாமல் இப்படி ஆகிறதே" என்று பயமாக இருக்கும். செவ்வாயோடு சேர்த்துப் பார்த்தால் கதை புரியும். எனக்கு அடி விழுவது மறுநாள் அல்ல, அதற்கும் மறுநாள். இது தெரிந்த பிறகுதான் என் நாட்களை நான் நடத்த முடிந்தது. அதுவரை நாட்கள்தான் என்னை நடத்தின.

வாரக் கடைசியில் பக்கத்தைத் திரும்பிப் பாருங்கள். தினமும் ஆராயாதீர்கள், அது வேறு நோயாகிவிடும். மாத அளவில் பார்த்தால்தான் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலானவர்கள் கூடுதல் ஆன்டிபயாடிக் இல்லாமலே காலப்போக்கில் தேறுகிறார்கள், ஆனால் மெதுவாக. எழுதிவைக்காவிட்டால் அந்த மெதுவான தேறுதல் நமக்கே தெரியாமல் போய்விடும்.

சோர்வும் வேலையும்

இந்தச் சோர்வில் இரண்டு ரகம் இருக்கிறது. எந்த ரகம் உங்களுடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்குக் கெட்டது.

முதல் ரகத்தில், கொஞ்சம் நடந்தால் அன்று அலுப்பாக இருக்கும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். நோயில் படுத்துப் படுத்து உடம்பு தளர்ந்துபோனதும் இதற்கு ஒரு காரணம். இவர்களுக்கு உடற்பயிற்சிதான் மருந்து. தினம் சிறிது நேர நடையில் தொடங்கி, ஒரு வாரம் தாங்கினால் கொஞ்சம் கூட்டலாம்.

இரண்டாவது ரகம் என்னுடையது. அளவுக்கு மீறிச் செய்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து உடம்பு மொத்தமாகச் சரிந்துவிடும், தூங்கினாலும் சரியாகாது. உடல் வேலைதான் என்றில்லை, மூளையைப் பிழியும் வேலையும் நீண்ட சண்டையும் நீண்ட சந்தோஷமும்கூட இதைச் செய்யும். இந்த ரகத்துக்கு "பல்லைக் கடித்துக்கொண்டு நாளுக்கு நாள் கூட்டிப் பழகு" என்பது சரிவராது. இதே சரிவு இருக்கும் நாட்பட்ட சோர்வு நோயில், படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சித் திட்டத்தைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் தன் வழிகாட்டுதலை மாற்றியது. லைமுக்குப் பிந்தைய சோர்வும் அந்த நோயும் ஒன்றே என்று சொல்லவில்லை. ஆனால் சரிவு இருப்பவர்களுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தும்.

அப்படியானால் என்ன செய்வது? நோட்டைப் பார்த்து, சரிவு வராத நாட்களில் எவ்வளவு வேலை செய்தீர்கள் என்று பாருங்கள். அதுதான் உங்கள் அளவு. நல்ல நாளிலும் அதைத் தாண்டாதீர்கள். சொல்வது எளிது, செய்வது கஷ்டம். நல்ல நாள் வந்தால் வீடு முழுவதும் சுத்தம் செய்துவிடத் தோன்றும். பாதியில் நிறுத்துங்கள். உடம்பு களைத்த பிறகு ஓய்வு என்று வைக்காமல் களைப்பதற்கு முன்பே ஓய்வு எடுங்கள். நான் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை கண்ணை மூடிப் படுப்பேன், போன் இல்லாமல். போன் பார்ப்பது ஓய்வு இல்லை. உட்கார்ந்து செய்ய முடிந்த வேலையை நின்று செய்வதில்லை. பல வாரங்கள் சரிவில்லாமல் போன பிறகு கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். தாங்கியது.

எழுந்து நின்றால் கிறுகிறுப்பு

சிலருக்குச் சோர்வு என்று தோன்றுவதில் ஒரு பகுதி உண்மையில் நிற்பதால் வருவது. குளிக்கும்போதும் வரிசையில் நிற்கும்போதும் தலை லேசாகி, நெஞ்சு வேகமாக அடித்து, படுத்ததும் சரியாகிவிடுகிறதா? இப்படிச் சோதியுங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். 10 நிமிடம் படுத்திருந்து நாடித்துடிப்பை எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து அசையாமல் 10 நிமிடம் நின்று, இடையிடையே எண்ணுங்கள். பெரியவர்களுக்கு நாடி 30-க்கு மேல் கூடி அப்படியே இருந்தால், கூடவே கிறுகிறுப்பும் இருந்தால், அந்த எண்களை டாக்டரிடம் காட்டுங்கள். தலை சுற்றினால் சோதனையை அங்கேயே நிறுத்திப் படுத்துவிடுங்கள். வைத்தியம் எளிதாகவே தொடங்கும்: தண்ணீர் அதிகம், காலை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ், மெதுவாக எழுவது. உப்பைக் கூட்டுவதும் ஒரு வழி. ஆனால் இரத்தக்கொதிப்பு, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் செய்யக் கூடாது.

தூக்கமும் வலியும்

ஒரே ஒரு விஷயத்தைத்தான் முதலில் கவனிக்க முடியும் என்றால் தூக்கத்தைக் கவனியுங்கள். தூக்கம் கெட்டால் வலி கூடும், வலி கூடினால் தூக்கம் கெடும். எந்த நேரம் படுத்தாலும் எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். படுக்கையில் படுத்து நோயைப் பற்றிப் படிக்காதீர்கள். தூக்கமின்மைக்கென்றே இருக்கும் பேச்சுவழிச் சிகிச்சை ஒன்று உண்டு, சிபிடி-ஐ என்பார்கள். மாத்திரைக்கு முன் அதை முயலலாம். குறட்டை இருந்தால், எழும்போது தலைவலி இருந்தால், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வலியை டாக்டரிடம் சொல்லும்போது அது எப்படிப்பட்டது என்று சொல்லுங்கள். மூட்டில் மட்டும் இருக்கும் வலிக்கு இபுபுரூஃபன் வகை மாத்திரைகள் உதவும், வயிற்றையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொண்டு. உடம்பெல்லாம் பரவும் வலிக்குக் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் அல்லது டுலாக்செட்டின் தருவதுண்டு. அவை மனச்சோர்வு மருந்துகள் என்பதால் "எனக்குப் பைத்தியம் என்கிறாரா" என்று கோபப்பட வேண்டாம், வலியைக் கடத்தும் நரம்பிலும் அவை வேலை செய்கின்றன. எரிச்சல், ஊசி குத்தல், மரமரப்பு என்றால் நரம்பு வலி. காபாபென்டின், பிரிகாபலின் அதற்கானவை. நரம்பு மின்னோட்டப் பரிசோதனை சரியாக இருந்தும் எரிச்சல் இருந்தால், மெல்லிய நரம்புகள் அந்தப் பரிசோதனையில் தெரியாது என்பதை நினைவில் வைத்து, தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

மந்தமான மூளை

என்னை மிகவும் பயமுறுத்தியது இதுதான். 68 என்று எழுத வேண்டிய இடத்தில் 86 என்று எழுதி, கூட்டல் சரிவராமல், அந்த ஒரு வரியைத் தேட அரை நாள் போகும். இது அறிவு குறைந்ததாலோ மறதி நோயாலோ வருவது அல்ல. பெரும்பாலும் குறைவது வேகமும் கவனமும்தான். எனக்கு உதவியவை: எண்ணை வாய்விட்டுப் படிப்பது, வரிக்கு அடியில் ஸ்கேல் வைப்பது, எண் பார்க்கும் வேலையை மூளை தெளிவாக இருக்கும் காலை நேரத்துக்கு மாற்றி, போன் பேசும் வேலையை மாலைக்குத் தள்ளுவது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை கூடவே கூடாது. நினைவில் வைக்க முயலாமல் அந்த நொடியே எழுதிவிடுங்கள். வேலையிடத்தில் சலுகை கேட்க வேண்டியிருந்தால் நினைவையும் கவனத்தையும் அளக்கும் நியூரோசைக்காலஜி பரிசோதனை எடுங்கள், கையில் எண்களோடு ஒரு தாள் இருக்கும். சாப்பிடும் மற்ற மருந்துகளையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அலர்ஜி மாத்திரை, தூக்க மாத்திரை, வலி மாத்திரைகளில் பல மூளையை மந்தமாக்குபவை.

டாக்டரைப் பார்க்கும்போது

ஒரே ஒரு தாளை எடுத்துக்கொண்டு போங்கள். எப்போது கடித்தது, எப்போது வட்டம் வந்தது, என்ன மருந்து எத்தனை நாள், இப்போது அதிகம் முடக்கும் மூன்று தொந்தரவுகள், அவற்றால் செய்ய முடியாமல் போன வேலைகள். "ரொம்ப டயர்டா இருக்கு" என்பதைவிட "முன்பு முழு நாள் வேலை செய்தேன், இப்போது மதியத்துக்கு மேல் முடியவில்லை, அதிகம் செய்தால் மூன்றாம் நாள் படுக்கை" என்பது டாக்டருக்கு வேலை செய்ய இடம் கொடுக்கும். கிருமி பற்றிய வாதத்தில் நேரம் போகவிடாமல் "இந்த மூன்றில் எதை முதலில் குறைக்கலாம்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சே மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் நார்மல், மனசுதான் காரணம் என்று ஒருவர் அனுப்பிவிட்டால் வேறொருவரைப் பாருங்கள். எனக்கும் அப்படி ஒருவர் அமைந்தார். நிபுணர்கள் பலர் இருந்தாலும், எல்லாத் தாள்களையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு பொது மருத்துவர் அவசியம். மாற்றுவதாக இருந்தால் ஒரு நேரத்தில் ஒரே மருந்தை மாற்றச் சொல்லுங்கள், எது வேலை செய்தது என்று அப்போதுதான் தெரியும்.

மனசு காரணம் இல்லை என்றாலும் மனசு அடிபடாமல் இருக்காது. வெளியே பார்க்க நன்றாக இருப்பதால் யாரும் நம்புவதில்லை, வீட்டாரும் அலுத்துப்போகிறார்கள். நான் நோட்டின் ஒரு வாரப் பக்கங்களை வீட்டில் படிக்கக் கொடுத்தேன். வாயால் விளக்கியதைவிட அது நன்றாகப் புரிந்தது. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காதீர்கள், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி உதவி தேடுங்கள். அந்த எண்ணத்துக்கும் வைத்தியம் உண்டு.

மறுபடி கடித்தால்

லைம் ஒரு முறை வந்ததால் மறுமுறை வராது என்பது இல்லை. தேறி வருபவருக்கு இது முக்கியம். உண்ணி இருக்கும் இடங்களில் நடந்து வந்தால் அன்றே குளித்து, முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமுடி ஓரம் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூரான சாமணத்தால் தோலுக்கு மிக அருகில் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வைக்காதீர்கள். லைம் பரவ உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். நோய் பரவும் பகுதியில் 36 மணி நேரமோ அதற்கு மேலோ ஒட்டியிருந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் ஒரே வேளை கொடுப்பதுண்டு. அதனால் தாமதிக்காமல் டாக்டரிடம் கேளுங்கள். கடித்த தேதியை நோட்டில் குறியுங்கள். அடுத்த 30 நாள் அந்த இடத்தில் பெரிதாகிக்கொண்டே போகும் சிவப்பு வட்டம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். அது புதிய தொற்று, அதற்கு முழு மருந்தும் புதிதாகத் தொடங்க வேண்டும். பழைய தொந்தரவுதான் திரும்பிவிட்டது என்று யாராவது சொன்னால் அந்தப் போட்டோவையும் தேதியையும் காட்டுங்கள்.